காந்தத்தை வைத்துச் சூட்டைத் திருப்ப முடியுமா? எல்இடி டிரைவருக்கு உதவுமா?

எல்இடி பட்டறை எழுதியது:

வணக்கம்ங்க. கோவையில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். தெருவிளக்குகளுக்கு 60 வாட் எல்இடி டிரைவர், அதாவது விளக்குக்கு வேண்டிய கரண்டைக் கொடுக்கும் சர்க்யூட், செய்து கொடுக்கிறோம். அலுமினியப் பெட்டி, மழைத்தண்ணீர் இறங்காமல் ரப்பர் கேஸ்கட் போட்டு மூடியது. அதனால் உள்ளே காற்றோட்டம் என்ற பேச்சே இல்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே முழு லோடில் ஓட்டினால் மாஸ்ஃபெட், அதாவது கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர், 95 டிகிரிக்குப் போய்விடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரும் ஏறக்குறைய அதே சூடுதான். பக்கத்தில் நிற்கிற எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரை நினைத்தால்தான் எனக்குக் கவலை. 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் சாம்பிளோடு வந்தார். கறுப்பு உறை போட்ட தட்டைக் காந்தம், 5 மி.மீ. கனம். மாஸ்ஃபெட்டுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் வைத்தால் காந்தப்புலம் சூட்டை வெளியே இழுத்துவிடும், ஜப்பான் கண்டுபிடிப்பு என்றார். விலையைக் கேட்டதும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் பி.எஸ்சி. படிக்கும் என் மகள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, காந்தப் பொருளை வச்சு வெப்பம் போற திசையை மாத்தலாம்னு நிஜமாவே ஆராய்ச்சி நடக்குது" என்கிறாள். ஜப்பான் பெயரும் அதில் நிறைய வருகிறதாம்.

அப்படியென்றால் அவர் சொன்னதில் ஏதாவது இருக்கிறதா, இல்லை ஆராய்ச்சி வேறு, இந்தப் பட்டை வேறா? நான் டிப்ளமோ படித்தவன். கணக்குப் போட்டுக் காட்டினால் பிடித்துக்கொள்வேன்.


மென்படலம் எழுதியது:

காந்த மென்படலங்களில்தான் என் ஆய்வு. அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

முதலில் பட்டைக் கணக்கு. நியோடிமியம் காந்தம் வெப்பத்தைக் கடத்துவதில் ரொம்பச் சுமார். அதன் கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு 9 வாட் அளவுதான். அலுமினிய அலாய்க்கு 200 வாக்கில், செம்புக்கு 400. உங்கள் மாஸ்ஃபெட்டின் முதுகு 1 சதுர செ.மீ., அதில் 2 வாட் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓரங்களில் பரவுவதை விட்டுவிட்டுப் பார்த்தால், 5 மி.மீ. காந்தத்தைக் கடக்க வாட்டுக்கு ஐந்தரை டிகிரி ஆகும். ஆக 11 டிகிரி. அதே கனத்தில் அலுமினியத் துண்டு வைத்தால் அரை டிகிரி. அந்தப் பட்டை உங்கள் மாஸ்ஃபெட்டை இன்னும் 10 டிகிரி சுட வைக்கும், அதற்குக் காசும் கேட்கிறார்கள். போதாததற்குச் சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரியைத் தாண்டினாலே தன் காந்தத்தை இழக்க ஆரம்பித்துவிடும்.

மகள் பார்த்தது இதில் சேராது. அது உண்மையான இயற்பியல்.

உலோகத்தில் வெப்பத்தைச் சுமப்பது பெரும்பாலும் எலக்ட்ரான்கள். மின்சாரம் கடத்தாத பொருளில் அணுக்களின் அதிர்வு, அதாவது ஃபோனான். காந்தப் பொருளில் மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு, மேக்னான். அங்கே அணுவுக்கு அணு ஒரு குட்டிக் காந்த ஊசி இருக்கிறது. ஒன்று ஆடினால் அடுத்ததும் ஆடும். காற்றடிக்கும்போது நெற்கதிர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, அலை மட்டும் அடுத்த வரப்பு வரை ஓடுகிறதே, அப்படி ஓர் அலை கிளம்பும். அதுவும் ஆற்றலைக் கொண்டுபோகும்.

2008ல் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் உச்சிதா, சாய்த்தோ குழுவினர் நிக்கல்-இரும்புப் படலத்தின் ஒரு முனையைச் சூடாக்கி, அதனால் ஸ்பின் ஓட்டம் (எலக்ட்ரானின் குட்டிக் காந்தத் தன்மை நகர்வது) கிளம்புவதை ஒரு பிளாட்டினக் கீற்றில் வோல்டேஜாக அளந்தார்கள். ஸ்பின் சீபெக் விளைவு என்று பெயர். இரண்டு வருடத்தில் மின்சாரமே பாயாத காந்தக் கார்னெட் என்ற ஆக்சைடிலும் அதைக் காட்டினார்கள். இதைத் தலைகீழாக, ஸ்பின் ஓட்டத்தைச் செலுத்திச் சூடோ குளிர்ச்சியோ உண்டாக்குவதை 2014ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு செய்தது. கிடைத்த வெப்பநிலை மாற்றம் ஒரு மில்லிகெல்வினுக்கும் குறைவு. உங்கள் 95 டிகிரியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2018ல் சுகுபாவில் உள்ள தேசியப் பொருளறிவியல் நிறுவனத்தில் நடந்தது. மின்சாரம் விட்டால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுடுவது பெல்டியர் தட்டு. வழக்கமாக அதற்கு இரண்டு வேறு பொருட்கள் சந்திக்க வேண்டும். இவர்கள் எடுத்தது வெறும் நிக்கல், ஆங்கில யு எழுத்து வடிவத்தில் வெட்டிய துண்டு. மின்சாரம் காந்தத் திசையோடு இணையாகப் போகிறதா குறுக்கே போகிறதா என்பதைப் பொறுத்து நிக்கலின் பெல்டியர் குணகம், அதாவது மின்சாரம் எவ்வளவு வெப்பத்தைக் கூட்டிப்போகும் என்ற அளவு, மாறும். ஆகவே மின்சாரம் வளையும் இரண்டு மூலைகளில் ஒன்று சுடுகிறது, ஒன்று குளிர்கிறது. காந்தத் திசையை 90 டிகிரி திருப்பினால் சூடும் குளிர்ச்சியும் இடம் மாறிக்கொள்கின்றன. ஜங்ஷனே இல்லாமல்! இங்கும் அளவு மில்லிகெல்வின்கள்தான், ஆனால் உங்கள் மகள் சொன்ன "திசையை மாற்றுவது" அச்சாக இதுதான்.

இன்னொரு வகை குறுக்கு விளைவு. காந்தமாக்கிய உலோகத்தில் வெப்பம் மேலிருந்து கீழே போனால் வோல்டேஜ் பக்கவாட்டில் வரும். கோபால்ட், மாங்கனீஸ், காலியம் சேர்ந்த கலவையில் டோக்கியோ பல்கலைக்கழகத்தினர் 2018ல் கெல்வினுக்கு 6 மைக்ரோவோல்ட் வரை காட்டினார்கள். பெல்டியர் தட்டில் இருக்கும் பிஸ்மத் டெல்லுரைடு 200 வாக்கில் தரும். 30 மடங்கு பின்தங்கியிருந்தாலும் இதைக் காகிதம் போல மெல்லிசாகப் பரப்பிவிடலாம், தூண் தூணாக நிறுத்த வேண்டாம். வெப்பம் எவ்வளவு பாய்கிறது என்று அளக்கும் சென்சாருக்கு இது பொருந்தும். குளிர்விக்க அல்ல.

கடைசியாக வெப்பச் சுவிட்ச். செம்பும் கோபால்ட்-இரும்பும் மாற்றி மாற்றி அடுக்கிய படலத்தில், காந்த அடுக்குகள் எல்லாம் ஒரே திசையில் நின்றால் வெப்பம் சுலபமாகப் போகும், எதிரெதிராக நின்றால் தடைபடும். சுகுபா குழு 2021ல் வெளியிட்டதில் வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் மேல். கேட்க அபாரமாக இருக்கிறதா? ஆனால் அது 100 நானோமீட்டர் வாக்கில் கனமுள்ள படலம் என்று வைத்தால், 1 சதுர செ.மீ. பரப்பில் அதன் மொத்த வெப்பத் தடையே வாட்டுக்கு ஒரு டிகிரியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அதை இரட்டித்தாலும் உங்கள் பெட்டிக்குத் தெரியவே தெரியாது. சிப்புக்குள்ளே, மைக்ரோமீட்டர் அளவில் சுடும் புள்ளிகள் இருக்கும் இடத்தில்தான் இதற்கு வேலை வரும்.


பழைய பிட் எழுதியது:

மேடம் மில்லிகெல்வினில் பேசுகிறார். நான் 370 டிகிரியைக் காந்தத்தால் அடக்கிப் பிழைத்தவன், அதனால் என் பங்குக்கும் கொஞ்சம்.

ரிச்சி தெருவில் ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் செய்த காலத்தில் என் மேஜையில் இருந்தது வெல்லர் மேக்னாஸ்டாட் சால்டரிங் அயர்ன். இந்தக் காலத்துப் பையன்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அதில் சென்சார் கிடையாது, டிஸ்ப்ளே கிடையாது, திருகும் குமிழ்கூடக் கிடையாது. பிட்டின் அடியில் ஒரு சின்ன உலோகத் துண்டு பதித்திருக்கும். அதன் மேல் 6, 7, 8 என்று எண் குத்தியிருப்பார்கள். 7 என்றால் 700 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 370 டிகிரி. 8 என்றால் 425.

வேலை செய்யும் விதம் இதுதான். பிடிக்குள் ஒரு காந்தம் ஸ்பிரிங்கோடு நிற்கிறது. பிட் ஆறியிருக்கும்போது பதித்த துண்டு காந்தத்தை இழுக்கும், சுவிட்ச் மூடும், ஹீட்டர் ஏறும். துண்டு தன் கியூரி வெப்பநிலையை, அதாவது காந்தத் தன்மை போய்விடும் சூட்டை, தொட்டதும் காந்தத்துக்கு அதன் மேல் பிடிப்பு போய்விடும். ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும், சுவிட்ச் திறக்கும். "டிக்" என்று கையில் தெரியும். பெரிய கிரவுண்ட் தகட்டில் பிட்டை வைத்தால் டிக் டிக் என்று அடிக்கடி அடிக்கும். எவ்வளவு சூட்டை போர்டு உறிஞ்சுகிறது என்பதைக் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். வெப்பநிலையை மாற்றணுமா? பிட்டை மாற்று. அவ்வளவுதான் கன்ட்ரோல்.

மெட்கால் என்ற கம்பெனி இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. அதில் அசையும் பாகமே இல்லை. செம்புத் தண்டின் மேல் காந்த அலாய் தோல் மாதிரி பூசியிருக்கும். அதில் 13.56 மெகாஹெர்ட்ஸ் மின்சாரத்தை விடுவார்கள். அந்த அதிர்வெண்ணில் மின்சாரம் மேல்தோலில் மட்டும்தான் ஓடும். தோல் காந்தமாக இருக்கும்வரை தடை அதிகம், நன்றாகச் சுடும். கியூரி புள்ளி வந்ததும் மின்சாரம் உள்ளே செம்புக்குள் இறங்கிவிடும், சூடு தானே குறையும். பிட்டின் எந்த ஓரம் ஆறுகிறதோ அந்த ஓரம் மட்டும் மறுபடி சுடும். அதைவிட நேர்மையான தெர்மோஸ்டாட்டை நான் பார்த்ததில்லை.

ஆய்வகத்துக்குப் போவானேன், வீட்டு எலக்ட்ரிக் ரைஸ் குக்கரைத் திருப்பிப் பாருங்கள். சுவிட்ச் ஒன்றே ஒன்று உள்ள சாதாரண மாடலைச் சொல்கிறேன். தட்டின் நடுவில் அமுங்கும் அந்த வட்டக் குமிழுக்குள்ளே காந்தமும் ஒரு ஃபெரைட்டும் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பீங்கான்) இருக்கின்றன. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியைத் தாண்டாது. அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் சூடு ஏறும். 103 டிகிரி வாக்கில் ஃபெரைட் பிடியை விட்டுவிடும், "டக்" என்று லீவர் மேலே வந்து வார்ம் விளக்கு எரியும்.

காந்தத்தால் சூட்டை நகர்த்துவதற்கும் ஒரு நல்ல உதாரணம் உண்டு, ஃபெரோஃப்ளூயிட். 10 நானோமீட்டர் அளவு மேக்னடைட் துகள்களை எண்ணெயில் கலந்த கறுப்புத் திரவம். 1963ல் நாசாவில் ஸ்டீவன் பப்பெல் என்பவர், எடையில்லாத இடத்தில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்கலாம் என்று உண்டாக்கியது. ராக்கெட்டுக்குப் போனதோ இல்லையோ, ட்வீட்டருக்குள் வந்துவிட்டது. வாய்ஸ் காயில் நிற்கும் இடுக்கில் ஒரு சொட்டு விட்டால் காந்தமே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒழுகாது. காற்றைவிட ஐந்தாறு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தி இரும்புக்குக் கொண்டுபோகும். காயில் கருகாமல் கூடுதல் வாட் தாங்கும். வருடக்கணக்கில் ஓடினால் எண்ணெய் வற்றிப் பிசின் மாதிரி ஆகிவிடும், சத்தம் மங்கும். பழைய ட்வீட்டர் "அடங்கிப் பாடுகிறது" என்று யாராவது கொண்டுவந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். மையொற்றும் தாளை மெல்லிசாகக் கிழித்து இடுக்கில் விட்டுப் பழையதை எடுத்துவிட்டுப் புதுச் சொட்டு விடணும்.

பட்டை விற்க வந்தவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தக் காந்தத்தின் கியூரி புள்ளி எத்தனை, எதற்காக? பதில் வராது.


எல்இடி பட்டறை எழுதியது:

மேடம், அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. 11 டிகிரிக் கணக்கை மகளையே போடச் சொன்னேன், அதே விடைதான் வந்தது. குக்கரைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று கிளம்பியவளை அவள் அம்மா தடுத்துவிட்டாள்.

இரண்டு சந்தேகம். குக்கர் ஃபெரைட்டை வைத்து டிரைவருக்கு ஒரு கட்-ஆஃப் செய்யலாமா? 105 டிகிரியில் தானே அணைகிற மாதிரி? இன்னொன்று, மாஸ்ஃபெட்டை விடுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் சூட்டுக்கு என்ன செய்வது?


காயில் சுற்றுபவன் எழுதியது:

கட்-ஆஃப்: செய்யலாம். காந்தம் பக்கத்தில் வந்தால் மூடும் ரீட் சுவிட்சும் ஃபெரைட்டும் சேர்ந்த தெர்மல் ரீட் என்றே விற்கிறது. உங்களுக்கு வேண்டாம். பல டிரைவர் ஐசிகளில் என்டிசி (சூடேறினால் தடை குறையும் ரெசிஸ்டர்) மாட்டும் கால் இருக்கும், அதில் ஒரு என்டிசி போட்டுக் கரண்டைக் குறைப்பது மலிவு. தெருவிளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் ஊர்க்காரர்கள் உங்களைத்தான் திட்டுவார்கள், மங்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். எல்லாரும் காந்தத்தை வெளியிலிருந்து கொண்டுவருவது பற்றியே பேசுகிறார்கள். உங்கள் போர்டிலேயே ஒரு காந்தப் பொருள் உட்கார்ந்து சூட்டைத் தீர்மானிக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் ஃபெரைட் கோர்.

பவர் ஃபெரைட்டின் இழப்பு, அதாவது கோரில் சூடாக வீணாகும் வாட், வெப்பநிலையோடு முதலில் இறங்கும், அப்புறம் ஏறும். டிடிகே கம்பெனியின் பிசி40 ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிலோஹெர்ட்ஸ், 200 மில்லிடெஸ்லாவில் (கோருக்குள் காந்தப்புலத்தின் அளவு) அறைச் சூட்டில் ஒரு கன செ.மீ.க்கு 600 மில்லிவாட், 100 டிகிரியில் 410. அடிவாரமே 100 டிகிரி பக்கத்தில்தான். வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள், ஏனென்றால் டிரான்ஸ்ஃபார்மர் ஓடப்போவது அந்தச் சூட்டில். ஆகவே கோர் 95 டிகிரி என்பது தன்னளவில் பயப்படவேண்டிய எண் இல்லை. 100ஐத் தாண்டி ஏற ஆரம்பித்தால்தான் ஆபத்து. சூடு இழப்பைக் கூட்டும், இழப்பு சூட்டைக் கூட்டும். பிசி95 என்ற ரகம் 25லும் 120லும் 350, நடுவில் 80 டிகிரியில் 290 என்று ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். இரவில் மார்கழிக் குளிரிலும் சித்திரை வெக்கையிலும் ஓடுகிற தெருவிளக்குக்கு நான் அதைத்தான் போடுவேன், விலை கொஞ்சம் கூட.

ஆனால் உங்கள் மாஸ்ஃபெட் சூடு எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. பிசி40 கோர் அறைச் சூட்டில் 510 மில்லிடெஸ்லா வரை தாங்கும், 100 டிகிரியில் 390தான். பலர் 510ஐப் பார்த்து டிசைன் செய்துவிடுகிறார்கள். பெட்டி சூடேறியதும் கோர் நிரம்பும், அதாவது அதற்கு மேல் காந்தப்புலத்தைத் தாங்காது, கரண்ட் ஏறுவதைத் தடுக்கும் இண்டக்டன்ஸ் விழும், கரண்ட் எகிறும், மாஸ்ஃபெட் சுடும். மாஸ்ஃபெட்டுக்கு ஹீட் சிங்க் தேடிக்கொண்டிருப்போம், வியாதி டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும்.

பார்க்கும் வழி: மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் கால் பக்கம் உள்ள, கரண்டை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டரில் ஆசிலோஸ்கோப் வையுங்கள். ஆறிய நிலையிலும், முழுச் சூட்டிலும் பாருங்கள். கரண்ட் நேர்க்கோடாக ஏறணும். சூட்டில் மட்டும் கடைசியில் மேலே வளைந்தால் அதுதான்.


எல்இடி பட்டறை எழுதியது:

வளைகிறது சார். ஆறியிருக்கும்போது ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஓட்டியபின் கடைசி ஐந்தில் ஒரு பங்கு மேலே தூக்குகிறது. கோரில் எந்த எழுத்தும் இல்லை, கடையில் "பவர் ரகம்" என்று சொல்லிக் கொடுத்தது. என்ன ரகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாஸ்ஃபெட் ஏற்றிய இடத்தையும் பார்க்கணுமா?


காயில் சுற்றுபவன் எழுதியது:

ரகம் துல்லியமாகத் தெரியாது, ஆனால் இஎம்ஐ ஃபில்டர் (மின் இரைச்சலை வடிகட்டுவது) கோரைப் பவர் என்று தந்தார்களா என்பது தெரியும். கோரின் இரண்டு பாதிகளுக்கு நடுவே இடைவெளி விடாத ஜோடியில் பத்துச் சுற்று சுற்றி எல்சிஆர் மீட்டரில் இண்டக்டன்ஸ் பாருங்கள். அதை 100ஆல் வகுத்து, அதே அளவுக்குப் பிசி40 தகவல் தாளில் போட்ட ஏஎல் மதிப்போடு (ஒரு சுற்றுக்கான இண்டக்டன்ஸ்) ஒப்பிடுங்கள். இரண்டு மடங்குக்கு மேல் வந்தால் அது ஃபில்டர் ரகம். அந்த ரகங்களில் பல 130 டிகிரி வாக்கிலேயே காந்தத்தை இழந்துவிடும், பவருக்கு ஆகாது. பிசி40க்கு அது 215க்கு மேல்.

ரகம் சரியாக இருந்தால், உச்சக் கரண்டுக்குக் கோர் 300 மில்லிடெஸ்லாவைத் தாண்டாதபடி சுற்றுங்கள். பிரைமரிச் சுற்றுகளைக் கூட்டி, இண்டக்டன்ஸ் பழைய மதிப்பிலேயே நிற்கும்படி இடைவெளியையும் கூட்டுங்கள். செகண்டரியையும் அதே விகிதத்தில் கூட்ட மறக்காதீர்கள். செம்பு இழப்பு கொஞ்சம் ஏறும், பரவாயில்லை. ஆனால் இடைவெளி பெரிதானால் அதன் பக்கத்தில் இருக்கும் கம்பி தனியாகச் சுடும். அந்த உயரத்தில் இரண்டு மி.மீ. டேப் போட்டுக் கம்பியைத் தள்ளி வையுங்கள். கோரின் ஜன்னலில், அதாவது கம்பி சுற்றும் இடத்தில், இடம் போதாது என்றால் அடுத்த அளவு கோருக்குப் போவதே சரி.

மாஸ்ஃபெட்டையும் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. மேடம் போட்ட அதே கணக்கு: 1 சதுர செ.மீ.யில் 0.1 மி.மீ. காற்று இடைவெளி நின்றால் வாட்டுக்கு 38 டிகிரி. வார்ப்புப் பெட்டிச் சுவர் மட்டமாக இருக்காது. மாஸ்ஃபெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்த பேடைக் கழற்றி அழுத்தின தடம் முழுச் சதுரமாக விழுந்திருக்கிறதா, ஒரு ஓரம் மட்டுமா என்று பாருங்கள். ஓரம் மட்டும் என்றால் திருகுக்குப் பதில் கிளிப் போடுங்கள்.